கோழியைக் காப்பது கூடு

1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனத்தோடு சனமாக நடந்து, அடுத்த ஆண்டு கொழும்புக்கு வந்து சேர்ந்த குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. எனக்கு அப்போது பதினைந்து வயது. வெள்ளவத்தையில் கால்வாயை அண்டிய ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டின் பின்னறையை வாடகைக்கு எடுத்திருந்தோம். தோட்டம் செய்த கை சும்மா இருக்காது. அம்மா வீட்டுக்காரரிடம் கேட்டு, பின்வளவில் ஏழு கோழிகள் வளர்த்தார். முட்டை விற்ற காசு எங்கள் கொப்பிகளுக்குப் போனது. இடம்பெயர்ந்த பிறகு அம்மா தன் உழைப்பால் கண்ட முதற்காசு அதுதான்.

ஒருநாள் விடியப் பார்த்தால் ஐந்து கோழிகள் செத்துக் கிடந்தன. கூடு உடையவில்லை, கதவும் கொழுவியபடியே இருந்தது. ஆனால் கூரைத் தகரத்துக்கும் பலகைக்கும் நடுவே நான்கு விரல் அகல இடைவெளி இருந்தது. அதனூடாக மரநாய் இறங்கியிருந்தது. "ஊரிலேதான் மரநாய் எண்டு நினைச்சன், பட்டினத்திலுமா?" என்று அம்மா கேட்டார். அன்று இழந்தது ஐந்து கோழி மட்டுமல்ல. திரும்பத் தொடங்கும் மனத்துணிவும் பாதி போயிற்று.

இன்று கோழிக்குஞ்சு கேட்டு வரும் குடும்பங்களிடம் நான் முதலில் கேட்பது, "கூடு எங்கே?" என்பதுதான். கூட்டை முதலில் செய்வோம். கோழி பிறகு வரட்டும்.

1. பட்டினத்திலும் எதிரி உண்டு

கொழும்பு சதுப்பு நிலத்தின் நடுவே எழுந்த நகரம். 2018 இல் அது ராம்சார் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது. அந்த ஈரநிலங்களில் மீன்பிடிப் பூனைகூட வாழ்கிறது. கால்வாய்க் கரையில் கபரக்கொய்யா, வீட்டு முகட்டில் மரநாய், வடிகானில் பெருச்சாளி, தெருவில் நாய், மதிலில் பூனை, மரத்தில் காகம் எல்லாம் உண்டு. ஊருக்குத் திரும்பியவர்களுக்கு இவற்றோடு கீரி, நரி, பருந்து, சாரைப்பாம்பு, மலைப்பாம்பு என்பனவும் சேரும்.

2. செய்தது யார்?

இழப்பு நேர்ந்தால் உடனே கூட்டிப் பெருக்கிவிடாதீர்கள். முதலில் பாருங்கள்.

- பல கோழிகள் கடிபட்டுத் தின்னப்படாமல் சிதறிக் கிடந்தால், நிலமும் கிண்டப்பட்டிருந்தால், பெரும்பாலும் நாய்.
- இரவில், கூடு உடையாமல், மேல் இடைவெளியால் வந்து கழுத்திலோ தலையிலோ கடித்திருந்தால் மரநாய்.
- பட்டப்பகலில் வேலியோரம் கோழி பிடிபட்டால் கீரி.
- பகலில் குஞ்சுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தால் காகம், பருந்து, பூனை.
- இரவில் குஞ்சுகள் குறைந்து, பக்கத்தில் வளையும் இருந்தால் எலி அல்லது பெருச்சாளி.
- கோதும் மிஞ்சாமல் முட்டை மறைந்தால் பாம்பு அல்லது உடும்பு.
- காயமே இல்லாமல் செத்தால் அது நோயாக இருக்கலாம். அரச கால்நடை வைத்தியரிடம் போங்கள்.

ஒரே அடையாளத்தை வைத்து முடிவு கட்டாதீர்கள். வந்த வழியைக் கண்டுபிடிப்பதே முக்கியம். அந்த வழியை அடைத்தால், வந்தது எதுவானாலும் மறுபடி வராது.

3. இரவுக் கூடு

பத்து ஊர்க்கோழிக்கு 4 அடி நீளம், 3 அடி அகலம் உள்ள கூடு போதும். நிலத்திலிருந்து 2 அல்லது 3 அடி உயரத்தில் கால்களில் நிற்கட்டும். அடித்தளத்துக்குச் சலாகைகளை அரை அங்குல இடைவெளி விட்டு அடித்தால் எச்சம் கீழே விழும். ஒவ்வொரு காலிலும் தகரத்தைக் கவிழ்த்த புனல்போல் சுற்றி அடியுங்கள். எலியும் பாம்பும் ஏறுவது கடினமாகும். மரமோ மதிலோ கூட்டைத் தொடக்கூடாது. தொட்டால் தகரம் வீண்.

கடையில் "கோழிவலை" என்று விற்கும் அறுகோணக் கண் வலை கோழியை உள்ளே வைத்திருக்கும். எதிரியை வெளியே வைத்திருக்காது. நாய் அதைக் கிழிக்கும். எலி அதன் கண்ணுக்குள்ளால் நுழையும். ஒட்டிணைத்த அரை அங்குலக் கண் கம்பிவலைதான் பாதுகாப்பு. அது விலை கூடியது. ஆகவே காசு குறைந்தவர்கள் நல்ல வலையை இரவுக் கூட்டுக்கு மட்டும் வாங்குங்கள். பகல் அடைப்புக்குக் கோழிவலையோ கிடுகோ போதும்.

கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள வெளியை மறக்காமல் கம்பிவலையால் மூடுங்கள். காற்றும் வரும், மரநாய் வராது. கதவுக்குக் கொழுக்கி ஒன்று போதாது. தாழ்ப்பாளும் போட்டு, அதற்கு ஆணியொன்றும் செருகுங்கள்.

4. பகல் அடைப்பு

நாயும் கீரியும் வேலியின் அடியில்தான் கிண்டும். வலையின் அடியை ஓரடி ஆழம் புதையுங்கள். வாடகை வளவில் கிண்ட முடியாவிட்டால், வலையை வெளிப்பக்கமாக ஒன்றரை அடி மடித்து நிலத்தில் விரித்துக் கல் ஏற்றுங்கள். கிண்ட வரும் விலங்கு வலைமேல் நின்றுகொண்டே கிண்டிப் பார்த்துக் களைத்துவிடும். மேலே பழைய மீன்வலையை இழுத்துக் கட்டினால் காகமும் பருந்தும் இறங்கா. சுற்றிலும் ஐந்தாறு அடிக்குப் புல்லும் குப்பையும் இல்லாமல் துப்புரவாக்குங்கள். மறைவு இல்லாத இடத்தில் கீரி நடமாடத் தயங்கும்.

5. நாளாந்த ஒழுங்கு

பொழுது படமுன் கோழிகளை எண்ணி அடையுங்கள். இது வீட்டில் ஒருவருடைய பொறுப்பாக இருக்கட்டும். எல்லோருடைய வேலையும் ஒருவருடைய வேலையுமல்ல. முட்டையை நாளில் இருமுறை எடுங்கள். தீனியை இரவில் விடாதீர்கள். அது எலியை அழைக்கும், எலி பாம்பை அழைக்கும். குஞ்சுகளை முதல் ஆறு கிழமையும் தாயோடு கூடையின் கீழோ சிறு அடைப்பிலோ வைத்திருங்கள். கிழமைக்கொரு முறை கூட்டைச் சுற்றி நடந்து துளை தேடுங்கள்.

6. செய்யக்கூடாதவை

நஞ்சு வைக்காதீர்கள். அது பக்கத்து வீட்டு நாயையும், சில வேளை பிள்ளையையும் கொல்லும். வேலியில் மின்சாரம் விடாதீர்கள். இப்படிச் செய்த வேலிகளில் மனிதர் பலர் இறந்திருக்கிறார்கள். மீன்பிடிப் பூனை, உடும்பு, கபரக்கொய்யா, மலைப்பாம்பு என்பன 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் காக்கப்படுபவை. நாயோ நரியோ கீரியோ பூனையோ கடித்தால், புண்ணைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். நீர்வெறுப்பு நோய் தொடங்கிவிட்டால் மருந்தில்லை.

அம்மா மிஞ்சிய இரண்டு கோழிகளோடு திரும்பத் தொடங்கினார். அவர் முதலில் அடைத்தது அந்த நான்கு விரல் இடைவெளியை. அடுத்த ஆண்டு கூட்டில் ஒன்பது கோழிகள் இருந்தன.

குழுவில் கலந்து பேச:

1. உங்கள் கூட்டில் நான்கு விரல் நுழையும் இடங்கள் எத்தனை? இன்றே எண்ணிப் பாருங்கள்.
2. கம்பிவலைச் சுருள் ஒன்றை மூன்று குடும்பங்கள் சேர்ந்து வாங்கிப் பகிரலாமா?
3. கோழி எச்சத்தின் நாற்றத்தால் அயலவருக்குத் தொல்லை வராமல் என்ன செய்கிறோம்?