சா-சா-சா: கால் நகர்ந்தா போதாது, பாரமும் நகரணும்

போன வருஷம் நம்ம கல்ச்சுரல்ஸ்ல நானும் என் பார்ட்னரும் சா-சா-சா ஆடினோம். நீங்க கை தட்டினீங்க, நன்றி. ஆனா அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல வீடியோவைப் போட்டுப் பார்த்தப்பதான் தெரிஞ்சது, பாட்டு ஒரு பக்கம் போகுது, நாங்க ஒரு பக்கம் போறோம். முழங்கையில வலின்னு என் பார்ட்னர் ஒரு வாரம் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ஒவ்வொரு ஸ்டெப்லயும் நான் அவங்களைப் பிடிச்சு இழுத்திருக்கேன். இந்த வருஷம் ஜூனியர்ஸ் ஆடப் போறாங்கன்னு கேள்விப்பட்டேன். சுழற்சி, போஸ் எல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். பேசிக் ஸ்டெப்பை மட்டும் இங்க சொல்றேன்.

முதல்ல கவுண்ட். நாங்க பண்ணின பெரிய தப்பு, 1-ல ஆரம்பிச்சது. சா-சா-சால பேசிக் 2-ல ஆரம்பிக்கும். 2, 3, அப்புறம் 4-ஐ ரெண்டாப் பிளந்து ரெண்டு ஸ்டெப், 1-ல ஒரு ஸ்டெப். அந்தக் கடைசி மூணுதான் 'சா சா சா'. நம்ம கொன்னக்கோல் மாதிரி வாயால சொல்லிப் பாருங்க: தா, தா, திமி தா. 'திமி' ஒரே பீட்டுக்குள்ள அடங்கணும், கடைசி 'தா' பாட்டோட 1-ல விழணும். வாய்க்கு வராதது காலுக்கு வராது.

இந்தத் தாளம் ஆடுறவங்க காலைப் பார்த்து வந்ததுன்னு சொல்வாங்க. 1950களின் தொடக்கத்துல கியூபாவுல என்ரிக்கே ஹோரின்னு ஒரு வயலின் கலைஞர், மாம்போ தாளத்துல ஜனங்க தடுமாறுறதைக் கவனிச்சு, பீட் தெளிவாக் கேக்குற மாதிரி மெட்டு போட்டார். தரையில கால் உரசின சத்தமே பேராச்சு. பாட்டுல 'கூய்ரோ'ன்னு ஒரு வாத்தியம் வரும். சுரைக்குடுக்கையில வரிவரியா வெட்டி, குச்சியால உரசுறது. ஒரு நீள உரசல், ரெண்டு குட்டை உரசல்னு போகும். 4-ல வர்ற ரெண்டு குட்டையும் அடுத்த நீளமும்தான் உங்க சா சா சா. 'ஓயே கோமோ வா' பாட்டை (டிட்டோ புவென்டே போட்டது, சந்தானா 1970-ல பாடி உலகமெல்லாம் போச்சு) ஆடாம பத்து தடவை கேளுங்க.

இப்போ கால். லீட் பண்றவங்க 2-ல இடது காலை முன்னாடி வைக்கணும், 3-ல பாரத்தை வலது காலுக்கே திருப்பிக் கொடுக்கணும், அப்புறம் இடது பக்கமா இடது-வலது-இடது. அடுத்த பாதியில வலது கால் பின்னாடி, பாரம் திரும்ப இடதுக்கு, வலது பக்கமா வலது-இடது-வலது. பார்ட்னருக்கு இது கண்ணாடி மாதிரி: அவங்க முதல்ல வலது காலைப் பின்னாடி வைப்பாங்க.

படிக்க ஈஸிதான். ஆனா காலை வைக்கிறதும் அதுல நிக்கிறதும் வேற வேற. ஒகேனக்கல்ல பரிசல்ல போயிருப்பீங்களே, ஒரு ஆள் கொஞ்சம் தள்ளி உக்காந்தாலே மொத்தப் பரிசலும் அந்தப் பக்கம் சாயும். உங்க இடுப்பு அந்தப் பரிசல்னு வெச்சுக்கங்க. பாரம் எந்தக் கால்ல முழுசா இறங்கி முட்டி நேராகுதோ, இடுப்பு அந்தப் பக்கம் தானாப் போய் உக்காரும். நீங்களா இடுப்பை ஆட்டினா அது பரிசலை வேணும்னே ஆட்டுற பையன் மாதிரிதான், பார்க்கவும் சகிக்காது.

பாரம் மாறிச்சான்னு பார்க்க ஒரு சோதனை. மியூசிக் இல்லாம ஒவ்வொரு ஸ்டெப்லயும் அப்படியே நின்னு, அடுத்த காலைத் தரையிலிருந்து ஒரு இன்ச் தூக்குங்க. உடம்பைச் சாய்க்காம தூக்க முடிஞ்சா பாரம் முழுசா மாறிடுச்சு. முடியலைன்னா ரெண்டு கால்லயும் பாதிப் பாதி நிக்கிறீங்க. எனக்கு 3-லயும் 'திமி'யோட 'மி'லயும் மாட்டிச்சு. நிறைய பேருக்கு அங்கதான் மாட்டும், ஏன்னா அந்த இடத்துல கால் அதிகம் நகராது, அதனால ஸ்டெப்பே இல்லைன்னு நினைச்சுடுவோம். நான் பார்ட்னர் கையை இழுத்ததுக்கும் இதுதான் காரணம். என் பாரம் என் கால்ல இல்லாததால அவங்க கையைப் பிடிச்சு நின்னிருக்கேன்.

ஸ்டெப்பைச் சின்னதா வைங்க. ஹாஸ்டல் வராண்டாவுல ரெண்டடி டைல் இருக்கே, சா சா சா முடியும்போது ஒரு டைல் தள்ளி நின்னா போதும். ரெண்டு டைல் தாண்டினா கண்டிப்பா லேட் ஆவீங்க. பாதத்தோட முன்பகுதி முதல்ல தரையைத் தொடணும், குதிகால் அப்புறம் இறங்கணும். ரப்பர் செருப்பு வேண்டாம், தரையில ஒட்டி முட்டி திருகும்.

போட்டியில வேகம் நிமிஷத்துக்கு 30-லிருந்து 32 பார், அதாவது 120-லிருந்து 128 பீட். நீங்க மெட்ரோனோம் ஆப்ல 70-ல ஆரம்பிங்க. அங்க சுத்தமா வந்த பிறகு 90, 110. நான் நேரா 120-ல ஆரம்பிச்சு மூணு மாசம் வீணாக்கினேன்.

பார்ட்னர் கிடைக்கலையேன்னு காத்திருக்காதீங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல சேர்ந்து ப்ராக்டிஸ் பண்ண நம்ம கேம்பஸ்ல யார் விடப் போறாங்க? (ஜோலார்பேட்டை, பெரம்பூர் மாதிரி ரயில்வே ஊர்கள்ல ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் தாத்தா பாட்டி காலத்துலயே ஜோடியா ஆடியிருக்காங்க. இதை வார்டன்கிட்ட சொல்லிப் பார்த்தேன், வேலைக்கு ஆகலை.) மேல சொன்னது எல்லாமே தனியா பண்ணலாம். ரெண்டு பேரும் தனித்தனியா 110-க்கு வந்ததும், கையைப் பிடிக்காம எதிரெதிரே நின்னு ஒரு பாட்டு முழுக்க ஆடுங்க. பாட்டு முடியும்போது ரெண்டு பேருக்கும் நடுவுல தொடங்கின அதே இடைவெளி இருந்தா, அடுத்த நாள் கை கோத்துக்கலாம்.