சேற்றில் கோபுரம் கட்டும் இறால்

மாணவர்களே, பற்களால் மரத்தை வீழ்த்தி, ஓடையில் அணை கட்டி, தேங்கும் நீரில் வீடு அமைக்கும் பீவரைப் பற்றிப் படித்திருப்பீர்கள். அது குளிர்நாட்டு விலங்கு. நம் பேராக்கிலும் ஒரு கொத்தனார் உண்டு. தைப்பிங்கிற்கு அருகேயுள்ள மாத்தாங் சதுப்புநிலக் காட்டில் வாழும் சேற்று இறால்தான் அது.

சுமார் 30 சென்டிமீட்டர் வரை வளரும் இந்த இறால், சேற்றில் 2 மீட்டர் ஆழம் வரை வளை தோண்டும். தோண்டிய சேற்றை மேலே தள்ளித் தள்ளி, எரிமலை வடிவில் மேடு எழுப்பும். சில மேடுகள் ஆள் உயரம் இருக்கும். வளையின் அடியில் நீர் நிற்பதால் இறாலின் செவுள்கள் காய்வதில்லை. சேற்றை விழுங்கி, அதிலுள்ள மட்கிய பொருளை உணவாக்கிக் கொள்ளும். பெரும்பாலும் இரவில்தான் வெளிவரும். ஆகவே, மேட்டைப் பார்த்தவர் பலர். இறாலைப் பார்த்தவர் சிலர்.

இதனால் ஆழத்துச் சத்து மேலே வருகிறது. மண்ணுக்குள் காற்று புகுகிறது. அலை ஏறினாலும் மூழ்காத மேட்டில் பெரணி முளைக்கிறது. எறும்பு, நண்டு, பாம்பு குடியேறுகின்றன. இப்படிப் பிற உயிர்களுக்கும் இடம் உருவாக்கும் விலங்குகளை அறிவியலாளர்கள் 'சூழல் பொறியாளர்கள்' என்கின்றனர். பீவரும் அவற்றுள் ஒன்று.

ஆனால், சதுப்புநிலத்தை அழித்து மீன் குளம் வெட்டினால், இதே இறால் கரையைத் துளைக்கும், நீர் கசியும். பீவரின் அணையும் சில வேளைகளில் வயலை மூழ்கடிக்கும். அவற்றின் இடத்திற்கு நாம் போன பிறகே அவை நமக்குத் தொல்லையாகின்றன.

சிந்திக்க: ஒரு மேட்டை இடித்தால் எந்தெந்த உயிர்கள் வீடிழக்கும்? பட்டியலிடுங்கள்.