நீரிழிவும் கண்ணொளியும்

நோய்களுக்கு நம் முன்னோர் இட்ட பெயர்களை ஆராயுங்கால் அவர்தம் கூர்த்த நோக்குப் புலனாகும். இழிதல் என்பது இறங்குதல், ஒழுகுதல் எனப் பொருள்படும். உடலினின்றும் நீர் மிகுதியாக இழிந்து போதலின் நீரிழிவு எனப் பெயர் பெற்றது. நம்மூர்ப் பேச்சில் வழங்கும் சலரோகம் என்பதும், கிரேக்கர் இந்நோய்க்கு இட்ட பெயரும் நீர் ஒழுகுதலையே சுட்டுவன. கண்ணைச் சுட்டிய பெயர் ஒன்றேனும் இல்லை. காரணம் வெளிப்படை. நீர் போதலை நோயாளர் தாமே அறிவர். கண்ணினுள்ளே நிகழும் கேட்டைப் பிறர் கருவிகொண்டு பார்த்துச் சொன்னாலன்றி அறியார். அவ்வாறு மறைந்து நிகழும் கேட்டையும், ஆண்டுக்கணக்காக நீளும் அதன் மருத்துவத்தை மனந்தளராது மேற்கொள்ளும் வகையையும் இக்கட்டுரையிற் கூறப் புகுகின்றாம். யாம் மருத்துவரல்லேம், தமிழாசிரியரேம். எனினும் நீரிழிவும் அதன்வழி வந்த கண்நோயும் உடையேம். ஆதலின் கற்றதனோடு பட்டதும் ஈண்டுக் கலந்து வரும்.

கேடு நிகழும் வகை

கண்ணின் பின்சுவரிற் பதிந்துள்ள மெல்லிய படலம் விழித்திரை எனப்படும். அதன் நடுவே மஞ்சட்பொட்டு என்னும் சிற்றிடம் உண்டு. எழுத்தைப் படித்தலும், ஊசியில் நூல் கோத்தலும், எதிரே வருபவரை முகங்கண்டு அறிதலும் அச்சிற்றிடத்தின் தொழில்கள். இரத்தத்திற் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்து நிற்பின், விழித்திரைக்கு உணவூட்டும் நுண்குழாய்களின் சுவர் நலிகின்றது. நலிந்த இடங்கள் புடைத்து, அவற்றினூடே நீரும் கொழுப்பும் கசிகின்றன. அக்கசிவு மஞ்சட்பொட்டில் தேங்குமாயின் எழுத்து மங்கும். நேர்கோடு வளைந்து தோன்றும். இஃது ஒருவகை.

மற்றொருவகையும் உண்டு. குழாய்கள் சில அடைபட, இரத்தம் பெறாத விழித்திரை புதுக்குழாய்களை முளைப்பிக்கும் ஒரு பொருளைச் சுரக்கின்றது. அவ்வாறு முளைப்பவை உறுதியற்றவை. அவை எளிதில் உடைந்து கண்ணினுள்ளே குருதியைச் சிந்தும். நாளடைவில் தழும்பாகிச் சுருங்கி விழித்திரையை இழுத்துப் பெயர்க்கும்.

இவற்றுள் எதுவும் தொடக்கத்தில் நோவு தருவதில்லை. பார்வையும் பலகாலம் குறைவதில்லை. “எனக்குத் தெளிவாகத் தெரிகின்றதே, கண்வைத்தியரிடம் ஏன் போகவேண்டும்?” என்னும் வினா இதனாலேயே எழுகின்றது. அவ்வினாவைப் போல இந்நோய்க்குத் துணைசெய்வது பிறிதில்லை. பெரும்பாலும் நடுவயதிலும் அதன் பின்னரும் வரும் இரண்டாம் வகை நீரிழிவாயின், நோய் கண்டறியப்பட்டவுடனேயே கண்ணையும் பார்ப்பித்தல் வேண்டும். இளமையிலே தோன்றி இன்சுலினை வேண்டி நிற்கும் முதலாம் வகையாயின் ஐந்தாண்டுக்குள் பார்ப்பித்தல் வேண்டும். அதன்பின், வைத்தியர் வேறு தவணை கூறினாலன்றி, ஆண்டுக்கொருமுறை பார்ப்பித்தல் முறை. முன்னரே நீரிழிவுடைய பெண்கள் கருவுற்றால் அக்காலத்தில் கண்நோய் விரைந்து வளர்தலும் உண்டு. அவர்களுக்குத் தவணை இன்னும் நெருங்கியதாக வேண்டும்.

மருத்துவம் வளர்ந்த வரலாறு

உயிருள்ள கண்ணின் உட்புறத்தைக் காணும் கருவியை ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ற்ஸ் 1851 இல் அமைத்தார். கேட்டைக் காணமுடிந்ததேயன்றி நீக்க வழி அன்று இல்லை. 1922 இல் ரொறன்ரோ நகரில் இன்சுலின் முதன்முதலாக நோயாளர் ஒருவருக்கு ஏற்றப்பட்டது. முன்னர் இளமையிலே மாண்டவர்கள் நெடிது வாழத் தொடங்கினர்; வாழ்வு நீளவே, நாட்செல்லத் தோன்றும் கண்நோயும் பெருகிற்று.

1945 இல் நிகழ்ந்த சூரிய கிரகணத்தை வெறுங்கண்ணால் நோக்கி விழித்திரை சுடப்பெற்றவரின் கண்ணை மேயர் சுவிக்கெராத் என்னும் ஜேர்மன் வைத்தியர் ஆராய்ந்தார். கேடு செய்த அதே ஒளியை அளவறிந்து செலுத்தினால் நன்மை செய்விக்கலாமே என்னும் கருத்து அவர்க்கு உதித்தது. முதலிற் சூரிய ஒளியையும் பின்னர் விளக்கொளியையும் அவர் பயன்படுத்தினார். 1960 இல் லேசர் தோன்றியபின் அம்முறை செப்பமுற்றது. விழித்திரையின் ஓரப்பகுதியில் நூற்றுக்கணக்கான, சிலவேளை ஆயிரத்துக்கு மேற்பட்ட, நுண்ணிய சூடுகள் இடப்படும். ஓரத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து நடுவைக் காக்கும் உபாயம் அது. புதுக்குழாய்கள் முளைத்த கண்களில் கடும் பார்வையிழப்பு இதனாற் பாதிக்கு மேல் குறைவதை 1976 இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. ஓரப்பார்வையும் இரவுப்பார்வையும் ஓரளவு குறைதல் இதற்கு நாம் செலுத்தும் விலை.

அண்மைக்காலத்தது ஊசிமருந்து. குழாய்களை முளைப்பிக்கும் பொருளை அது அடக்குகின்றது. ரனிபிசுமாப் என்னும் மருந்தை நீரிழிவினால் வரும் மஞ்சட்பொட்டு வீக்கத்துக்கு 2012 இல் அமெரிக்க அரசு ஏற்றுக்கொண்டது. அஃப்லிபெர்செப்ட், பெவசிசுமாப் என்பனவும் அவ்வினத்தனவே.

ஏன் இத்துணை நெடுங்காலம்?

ஊசிமருந்தின் வலி சில கிழமைகளிற் குன்றுகின்றது; நோயின் வேராகிய நீரிழிவோ நிற்கின்றது. மிளகாய்த் தோட்டத்துக்கு ஒருநாள் இறைத்த நீர் பருவம் முழுவதற்கும் போதாதவாறு போல, ஒரூசியும் போதாது. எனினும் இச்சுமை என்றும் ஒரே அளவினதன்று. 2010 இல் வெளிவரத் தொடங்கிய அமெரிக்க ஆய்வொன்றில், மஞ்சட்பொட்டு வீக்கமுடையோர்க்கு முதலாம் ஆண்டில் எட்டு அல்லது ஒன்பது ஊசிகளும், இரண்டாம் ஆண்டில் இரண்டு அல்லது மூன்றும், மூன்றாம் ஆண்டில் ஒன்று அல்லது இரண்டுமே பெரும்பாலும் தேவைப்பட்டன. முதலாண்டே செங்குத்தான ஏற்றம் என்பதை அறிந்தவர் இடைவழியிற் சோர்ந்து திரும்பார்.

இடைநிறுத்தம் எத்துணைக் கொடிது என்பதற்கும் சான்று உண்டு. புதுக்குழாய்கள் முளைத்த கண்களுக்கு மருத்துவம் பெற்றபின் ஆறு மாதத்துக்கு மேல் வாராதிருந்து மீண்டவர்களைப் பற்றிய அமெரிக்க ஆய்வொன்று 2019 இல் வெளியாயிற்று. ஊசிமருந்து மட்டும் பெற்றிருந்தவர்களின் கண்கள், லேசர் பெற்றிருந்தவர்களின் கண்களைவிட மிகுதியாகக் கெட்டிருந்தன. விழித்திரை பெயர்ந்தவரும் அவருள்ளே மிகுதி. இதிலிருந்து நாம் கொள்ளும் பாடம் ஒன்று. தூரம், செலவு, தொழில் முதலியவற்றால் ஒழுங்காக வரமுடியாதென்று தோன்றுமாயின், அதனை வைத்தியரிடம் முன்னரே ஒளியாது சொல்லுதல் வேண்டும். அதற்கேற்ற முறையை அவர் தெரிந்துகொள்வார். நாணத்தால் மறைத்துப் பின் வாராதொழிதலே கண்ணைக் கெடுக்கும்.

நாற்கூற்று மருத்துவம்

மருத்துவம் நான்கு கூறுடையது என்பர் வள்ளுவர்: நோயுற்றவர், தீர்ப்பவர், மருந்து, உடனிருந்து உதவுபவர். இந்நோய்க்கு அப்பகுப்பு மிகப் பொருந்துவதாகும்.

நோயுற்றவர் செய்யத்தக்கது பெரிது. கண்ணினுள் இடும் மருந்து கண்ணளவில் நிற்கும்; இரத்தத்தைக் காப்பது அவர் கையில் உள்ளது. முதலாம் வகை நீரிழிவுடையோரிடத்து அமெரிக்காவிலும் கனடாவிலும் நடைபெற்று 1993 இல் முடிவு வெளியான பேராய்வு, சர்க்கரையைச் செவ்வனே கட்டுப்படுத்தினால் புதிதாகக் கண்நோய் தோன்றுதல் 76 சதவீதம் குறையும் எனக் காட்டிற்று. அக்கட்டுப்பாட்டின் பயன் பல்லாண்டுகள் கழிந்தும் நிலைத்து நின்றது. இரத்த அமுக்கத்தைத் தணித்தலும் கண்ணைக் காக்கும் என்று 1998 இற் பிரித்தானிய ஆய்வு காட்டிற்று. நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரையைத் திடீரெனக் குறைக்குங்கால் கண்நோய் சிறிதுகாலம் மிகுதலும் உண்டு. அது கட்டுப்பாட்டைக் கைவிடுதற்குக் காரணமாகாது. அக்காலத்திற் கண்ணை அடிக்கடி பார்ப்பித்தற்கே காரணமாகும்.

தீர்ப்பவரிடம் அச்சத்தை மறைத்தலாகாது. கண்ணுக்குள் ஊசி என்று கேட்ட அன்றிரவு யாம் உறங்கினேமல்லேம். மறுநாள் நிகழ்ந்ததோ எளிது. உணர்விழக்கச் செய்யும் துளிகளை இட்டனர், கிருமிநீக்கியாற் கழுவினர், வெள்விழியில் ஒரு கணம் அழுத்தம் தோன்றிற்று, சில நிமிடத்தில் எல்லாம் முடிந்தன. ஓரிரு நாள் மணல் விழுந்தாற்போன்ற உறுத்தலும் வெள்விழியிற் செம்மையும் இருத்தல் இயல்பு. நோவும் செம்மையும் நாளுக்குநாள் மிகுந்து பார்வை குறையுமாயின் அது கிருமித்தொற்றாகலாம், அரிதேயாயினும் பொறுத்திருக்கலாகாது. கரும்புள்ளிகள் திடீரெனத் திரண்டு மிதப்பினும், திரை விழுந்தாற்போல் ஒருபக்கம் மறையினும், அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

மருந்தின் எல்லையையும் அறிந்திருத்தல் நன்று. அது பலருக்குப் பார்வையை உயர்த்துகின்றது. சிலருக்கு உள்ளதைக் காப்பதோடு நின்றுவிடுகின்றது. எம் வலக்கண் நன்கு தெளிந்தது. இடக்கண்ணுக்கோ ழகரமும் ளகரமும் இன்றும் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. மேலும் இழியவில்லை என்பதே அக்கண்ணளவில் வெற்றி. இவ்வாறு வெற்றியை அளக்கக் கற்றல் கடினம். கல்லாதவரோ, “ஊசி போட்டும் பயனில்லை” என்று சொல்லித் தவணையைக் கைவிடுவர்.

உடனிருந்து உதவுபவர் இல்லாமல் இம்மருத்துவம் நடவாது. கண்மணியை விரிக்கும் துளிகளை இட்டபின் சில மணிநேரம் வெயில் கூசும், எழுத்துத் தெரியாது, வாகனம் ஓட்டுதல் ஆகாது. அந்நாளில் யாம் கட்டுரைக் கொப்பிகளைத் திருத்துவதில்லை. கறுப்புக் கண்ணாடியும் குடையும் துணைவர் ஒருவரும் இன்றிப் புறப்படுவதுமில்லை. தவணை நாள், சர்க்கரையளவு, இரத்த அமுக்கம், எக்கண்ணுக்கு எம்மருந்து என்பவற்றைச் சிறிய கொப்பியொன்றிற் குறித்து வருகின்றோம். சதுரக்கோடிட்ட கணக்குக் கொப்பியின் தாளொன்றைச் சுவரில் ஒட்டி, கிழமைக்கொருமுறை ஒரு கண்ணை மூடி மறுகண்ணால் நோக்குகின்றோம். கோடு புதிதாக வளைந்து தோன்றினால் தவணைக்குக் காத்திராது செல்வோம். வளையாமையைக் கண்டு தவணையை விட்டுவிடுவதுமில்லை.

கல்லூரி உறவுக்கு ஒரு வேண்டுகோள்

இவ்விழா மலரைக் கையிலேந்தும் பழைய மாணவர் பலர் நரை கண்டவர். நீரிழிவு கண்டவரும் அவருள் உளர். ஆண்டுதோறும் விழித்திரையைப் படம்பிடித்து ஆராயும் முறை நாடெங்கும் பரவியபின், தொழில்செய்யும் வயதினரின் பார்வையிழப்புக்குத் தலையாய காரணம் என்னும் நிலையினின்று நீரிழிவுக் கண்நோய் இங்கிலாந்திலும் வேல்சிலும் நீங்கியமை 2014 இல் அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் ஐம்பதாண்டுகளாக அதுவே முதலிடத்தில் நின்றதாம். அந்நாட்டில் வாழும் நம்மவர் அவ்வழைப்பு வரும்போது புறக்கணியாதிருப்பாராக. இங்குள்ளார் அழைப்பை எதிர்பாராது தாமே செல்வாராக. அரசினர் வைத்தியசாலையிற் கட்டணமின்றி மருத்துவம் கிடைப்பினும், பேருந்துச் செலவும் இழந்த நாட்கூலியும் ஏழைக்குப் பெருந்தடை. தம் ஊரில் அத்தகைய முதியவர் ஒருவரைத் தவணை நாளில் அழைத்துச் சென்று திரும்புதல் பழைய மாணவர் எவர்க்கும் இயலும்.

மாணவர்காள், வீட்டிலே பாட்டனாரோ அம்மம்மாவோ புத்தகத்தைத் தூரத்திலும் அருகிலும் மாறிமாறிப் பிடித்துப் பார்ப்பாராயின், மூப்பு என்று விட்டுவிடாதீர். அவர்க்கு நீரிழிவு உண்டா, கண்ணை இறுதியாக எந்நாளிற் பார்ப்பித்தார் என்று வினாவுங்கள். விடை கிடையாதாயின் வீட்டாரிடம் சொல்லி ஒரு நாளைக் குறித்துக்கொடுங்கள். அந்நாள் வந்ததும் உடன் செல்லுங்கள். திரும்பும் வழியில் அவர்க்கு எழுத்துத் தெரியாது. அன்றைய பத்திரிகையை நீங்களே படித்துக் காட்டுங்கள்.