ஓசை அடங்கும்வரை பொறுத்திரு

கண்ணு,

பாடும் கிண்ணம் பழக ஆசை, எந்த உலோகத்தில் வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். பெங்களூரில் இந்திராநகர், கோரமங்களா பக்கமெல்லாம் இப்போது இதற்கென்றே வகுப்புகள் நடக்கின்றன. அங்கே சொல்லித்தருவது எனக்குத் தெரியாது. சிக்பேட்டையில் பாத்திரக் கடை வைத்து, தட்டிப் பார்த்து வாங்கி, தட்டிக் காட்டி விற்றே வயதானவன் நான். என் காது அங்கே கற்றதைத்தான் உனக்குச் சொல்கிறேன். நீ உலோகத்தைப் பற்றிக் கேட்டாய். பதிலில் பாதி உன்னைப் பற்றித்தான் இருக்கும். கோபித்துக்கொள்ளாதே.

1. முதலில் வெண்கலத்தைக் கேட்டுப் பழகு. நூற்றுக்குச் செம்பு 78, வெள்ளீயம் 22. ஒலிக்கும் வெண்கலத்தின் கணக்கு இதை ஒட்டித்தான் இருக்கும். செம்பு தனியாக இருந்தால் மிருதுவானது. தட்டினால் உள்ளுக்குள் நெகிழ்ந்துகொடுத்து, அடியின் விசையைச் சூடாக்கி விழுங்கிவிடும். வெள்ளீயம் சேர்ந்ததும் நெகிழ்வு போய் விறைப்பு வரும். விழுந்த அடி வீணாகாமல் நெடுநேரம் அதிர்வாக நிற்கும். உன் வீட்டுச் செம்புக் குடத்தையும் பொங்கல் வைக்கும் வெண்கலப் பானையையும் அடுத்தடுத்துச் சுண்டிப் பார். செம்பு 'டொக்' என்று நின்றுவிடும். வெண்கலம் சொல்லிக்கொண்டே இருக்கும். சீர்காழி கோவிந்தராஜனுக்கு வெண்கலக் குரல் என்று ஊரே கொண்டாடியது. பித்தளைக் குரல் என்று யாரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை. ஊர்க்காது சும்மா பேசாது.

2. அளவறிந்து நில். கோயில் உற்சவ மூர்த்திகளில் வெள்ளீயம் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துக்கும் கீழே. மணியில் 22-ஐ ஒட்டி. கேரளத்து ஆறன்முளைக் கண்ணாடியில் அது மூன்றில் ஒரு பங்கை நெருங்கிவிடும். அங்கே முகம் தெரியும், ஆனால் கை தவறினால் சிதறிவிடும். பெரும்பாலும் இரண்டே உலோகங்கள்தான். ஒரு கணக்கில் தெய்வம், ஒரு கணக்கில் ஓசை, ஒரு கணக்கில் கண்ணாடி. "வெள்ளீயம்தான் ஒலிக்கிறதென்றால் இன்னும் கொஞ்சம் போட்டால் என்ன?" என்று ஒரு பையன் கடையில் நின்று வாதாடினான். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று சொல்லி அனுப்பினேன். உன் பயிற்சிக்கும் அதேதான். தினம் கால் மணி நேரம் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரே மூச்சில் நாலு மணி நேரம் வேண்டாம்.

3. 'ஏழு உலோகம்' என்ற பேச்சுக்குப் பணம் கொடுக்காதே. தங்கம், வெள்ளி, பாதரசம், செம்பு, இரும்பு, வெள்ளீயம், காரீயம். ஏழு கோளுக்கு ஏழு என்று அடுக்கிச் சொல்வார்கள். பாதரசம் 357 டிகிரியில் கொதித்து ஆவியாகிவிடும். செம்பு உருகவே 1,085 டிகிரி வேண்டும். அந்த உலையில் பாதரசம் எங்கே தங்கும்? கிண்ணங்களைச் சோதித்துப் பார்த்தவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் செம்பும் வெள்ளீயமும்தான். மற்றவை தாதோடு ஒட்டிவந்த துளிகள். கோயில் மணி வார்க்கும்போது பெண்கள் தோட்டைக் கழற்றி உலையில் போட்ட கதைகளை நானும் கேட்டிருக்கிறேன். அது பக்தியின் கணக்கு. தங்கமும் மிருதுவான உலோகம்தான். ஓசைக்கு அதனால் லாபமில்லை.

4. உள்ளே என்ன கலக்கிறது என்று பார். செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது பித்தளை. அதைச் சூடில்லாமலே எந்திரத்தில் இழுத்துக் கிண்ணமாக்கலாம். மணி வெண்கலத்தை அப்படிச் செய்தால் விரிசல் விடும். அதனால் மெல்லிசாக, மழமழவென்று, மலிவாக வரும் கிண்ணம் பித்தளையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சுத்தியல் தடத்தைப் பித்தளை மேலும் பதிக்கலாம், ஆகவே கண்ணை நம்பாதே. பித்தளையின் ஓசை சீக்கிரம் அடங்கும். அதற்காக இகழாதே, நாச்சியார்கோவில் குத்துவிளக்கு பித்தளைதான், அதன் வேலை வெளிச்சம் தருவது. காரீயம் வேறு சங்கதி. அது செம்போடு கரையாது. சின்னச் சின்ன மெத்தென்ற துளிகளாக உள்ளே உட்கார்ந்து ஓசையைக் குடித்துவிடும். வீட்டிலிருந்த பழைய சாமான்களையெல்லாம் ஒன்றாக உருக்கி மணி வார்த்துக் கொண்டுவந்தார் ஒருவர். பளபளப்புக்குக் குறைவில்லை, அடித்தால் ஊமை. கிடைத்ததையெல்லாம் உள்ளே போட்டுக்கொள்ளாதே, கண்ணு. மனசுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

5. தீக்கும் தண்ணீருக்கும் நேரம் உண்டு. தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரியா 1899 முதல் 1905 வரை தோண்டியபோது தாழிகளோடு வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்தன. நம் பெங்களூரில், இந்திய அறிவியல் கழக வளாகத்துக்குள் இருக்கும் தேசிய உயர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றியவர் சாரதா சீனிவாசன் என்ற அம்மையார். 2019-இல் பத்மஸ்ரீ பெற்றவர், பரதமும் ஆடுபவர். ஆதிச்சநல்லூர், நீலகிரி போன்ற இடங்களின் பாத்திரங்களை ஆராய்ந்து, வெள்ளீயம் 23 சதவீதத்தை ஒட்டி உள்ளவை இருப்பதைக் காட்டினார். அவை செஞ்சூட்டில் அடித்து மெல்லிதாக்கப்பட்டு, சூடு ஆறுமுன் தண்ணீரில் அமிழ்த்தப்பட்டவை. அதே முறையைக் கைவிடாத கேரளத்துக் கம்மாளர்களையும் பதிவு செய்தார். இதில் ஒரு விந்தை உண்டு. எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கடினமாகி நொறுங்கும் குணம் வரும். இந்த வெண்கலம் நேர் எதிர்: தானாக மெல்ல ஆறினால் நொறுங்கும், சட்டென்று தண்ணீர் பட்டால் தாங்கும், பொன்னிறமும் பெறும். சூடு ஏறக்குறைய 600-க்கும் 750 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போதுதான் சுத்தியலுக்கு இணங்கும். முந்தினாலும் பிந்தினாலும் பிளக்கும். எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தாதே என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எனக்குக் கிடைத்ததில்லை. இன்னொன்றும் கேள்: இப்படிச் செய்த கிண்ணத்தை ஒருபோதும் அடுப்பில் வைத்துச் சுடாதே, பற்றவைக்கவும் கொடுக்காதே.

6. உலோகத்துக்குக் கொடுக்க வேண்டியதை மட்டும் கொடு. சுருதியை வைப்பது பெரும்பாலும் உருவம். ஓசையின் ஆயுளை வைப்பது உலோகம். தடிப்பு மாறாமல் கிண்ணத்தின் விட்டம் இரு மடங்கானால் அதிர்வெண் நாலில் ஒன்றாக இறங்கும். விட்டம் மாறாமல் தடிப்பு இரு மடங்கானால் ஒரு ஸ்தாயி ஏறும். ஒரே வடிவில் செம்பு, பித்தளை, வெண்கலம் என்று மூன்று கிண்ணம் செய்தால் சுருதியில் பெரிய வித்தியாசம் இருக்காது, ஒரு ஸ்வரத்துக்குள் அடங்கிவிடும். அதே வடிவில் எஃகுக் கிண்ணம் என்றால் ஏறக்குறைய சட்ஜமத்திலிருந்து பஞ்சமத்துக்குப் போய்விடும். எஃகுக்கு விறைப்பு அதிகம், கனம் குறைவு. நட்டுவனார் கையிலிருக்கும் தாளத்தைப் பார், ஒன்று வெண்கலம், ஒன்று இரும்பு. இரண்டும் மோதும்போது ஜதிக்கு வேண்டிய வெட்டு கிடைக்கிறது. எந்த உலோகம் உயர்ந்தது என்று கேட்காதே. எந்த வேலைக்கு என்று கேள்.

7. கோணலை மன்னித்துவிடு. கையால் அடித்த கிண்ணம் முழு வட்டமாக இருக்காது. விளிம்பின் தடிப்பும் எங்கும் ஒன்றாக இராது. அதனால் ஒரே ஓசை, மிக நெருங்கிய இரண்டு ஓசைகளாகப் பிரிந்து ஒலிக்கும். அவை ஒன்றோடொன்று கூடியும் கழித்தும் 'வவ்வவ்' என்று ஏறி இறங்குவதைத்தான் எல்லாரும் மயங்கிக் கேட்கிறார்கள். அச்சுப் பிசகாமல் செய்தால் அந்த அசைவு குறைந்துவிடும். ஆனால் கோணல் வேறு, கீறல் வேறு. விளிம்பில் மயிரிழை விரிசல் இருந்தால் ஓசையோடு கரகரப்பு வரும். கோணலோடு வாழலாம், கீறலை விலை பேசாதே.

8. இல்லாத குணத்தைக் கிண்ணத்தின் மேல் ஏற்றாதே. 1933-இல் பெங்களூருக்கு வந்த சி. வி. ராமன், அடுத்த ஆண்டு இங்கே இந்திய அறிவியல் அகாடமியைத் தொடங்கி, அதன் ஆய்விதழில் நம் தோல்கருவிகளைப் பற்றி எழுதினார். வலந்தலையில் வைக்கும் கரணையால் மிருதங்கத்தின் மேலோசைகள் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று ஒழுங்காக வந்து நிற்கின்றன என்பது அவர் காட்டிய உண்மை. கிண்ணத்துக்கு அந்த ஒழுங்கு இல்லை. அடியோசைக்கு மேலே ஏறக்குறைய 2.7 மடங்கில் ஒன்று, ஐந்து மடங்கை ஒட்டி இன்னொன்று என்று போகும். ஆகவே இந்தக் கிண்ணம் இந்த ஸ்வரம், இந்தச் சக்கரம் என்று சீட்டு ஒட்டி விற்றால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடு. தம்பூராவோடு சேர்த்து அதை வதைக்கவும் வேண்டாம்.

9. கையை அடக்கு. வெறும் மரக்கோல் மேலோசையை எழுப்பும். தோல் சுற்றிய தடித்த கோல் அடியோசையை எழுப்பும். விளிம்பில் தேய்க்கும்போது கோல் பற்றிப் பற்றி வழுக்குகிறது, அந்த வழுக்கலில்தான் கிண்ணம் பாடுகிறது. வேகம் கூட்டினால் கடகடவென்று எகிறும். மெதுவாக, ஒரே அழுத்தத்தில் சுற்று. விரித்த உள்ளங்கையில் வை. விரல் விளிம்பைத் தொட வேண்டாம். கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார், சுருதி இறங்கும். ஜலதரங்கக்காரர்கள் அறிந்த வித்தை இது. புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் ஓசை வரவில்லையே என்று அழுத்தத்தைத்தான் கூட்டுவார்கள். ஓசை மிரட்டலுக்கு வராது.

10. வாங்கும்போது ஓசையின் வாலைக் கேள். எல்லாக் கிண்ணமும் முதல் நொடியில் நன்றாகத்தான் பேசும். பஜார் சத்தம் எழும் முன், காலையில் கடை திறந்ததும் போ. ஒருமுறை மெதுவாகத் தட்டு. ஓசை முழுதும் அடங்கும்வரை இன்னொரு தட்டு வேண்டாம். எப்படித் தேய்கிறது, நடுவில் அறுகிறதா, கடைசியில் எந்த ஓசை மிஞ்சுகிறது என்று கவனி. வரிசையாகப் பத்துக் கிண்ணத்தைப் படபடவென்று தட்டிவிட்டுப் போனவர்கள்தான் மறுவாரம் மாற்றக் கேட்டு வந்தார்கள். மனிதர்களிடமும் தொடக்கத்தைக் கேட்டு முடிவு கட்டாதே.

11. பெயரைப் பார்த்து மயங்காதே. மைசூரு தாண்டி பைலகுப்பேயில் திபெத்தியர் குடியிருப்பு இருக்கிறது. ஒரு நாள் நம்ட்ரோலிங் மடத்துக்குப் போய்ப் பூசையின்போது உட்கார்ந்து கேள். கைமணி, பெரிய தாளங்கள், முரசு, நீண்ட ஊதுகொம்பு எல்லாம் இருக்கும். நம் கிண்ணம் இருக்கிறதா என்று நீயே பார். நம் கிண்ணத்தை 'திபெத்' என்ற பெயரோடு மேற்கு நாடுகளில் பரப்பியதில், ஹென்றி வுல்ஃபும் நான்சி ஹென்னிங்ஸும் 1972-இல் வெளியிட்ட 'டிபெட்டன் பெல்ஸ்' இசைத்தட்டுக்குப் பெரும் பங்குண்டு. நேபாளத்திலும் அஸ்ஸாமின் சர்த்தேபாரியிலும் ஒடிசாவிலும் வெண்கலம் அடிக்கும் கைகள் இன்றும் உண்டு. மலையின் பெயருக்குக் கொடுக்கும் பணத்தை அந்தக் கைகளுக்குக் கொடு. செய்தவர் ஊரைக் கேட்டு வாங்கு.

12. ஆறுதல் தா, வாக்குறுதி தராதே. நல்ல ஓசையைக் கேட்டபடி கண் மூடிக் கிடந்தால் மூச்சு சீராகும், மனம் தணியும். அது சின்ன விஷயமல்ல. ஆனால் சர்க்கரை இறங்கும், கட்டி கரையும் என்று ஒருநாளும் சொல்லாதே. நோயாளி உன்னிடம் வந்தால் மாத்திரையை நிறுத்தச் சொல்லாதே. அப்படிச் சொன்னவர்களை நம்பிக் காலம் கடந்து டாக்டரிடம் போனவர்கள் உண்டு. வெண்கலத்தில் காரீயம் கலந்தால் என்ன ஆகும் என்று சொன்னேன் அல்லவா? பேச்சில் பொய் கலந்தாலும் அதுதான் ஆகும்.

இவ்வளவையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். ஒரே ஒரு கிண்ணம் வாங்கு, பெரியதாக வேண்டாம். அதன் குரல் உனக்கு முழுதாகத் தெரியும்வரை இரண்டாவது வாங்காதே. சந்தேகம் வந்தால் கிண்ணத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு என்னிடம் வா. இருவருமாகத் தட்டிப் பார்ப்போம். இன்னும் என் காது நன்றாகத்தான் கேட்கிறது.