பணியிடத்தில் நகைச்சுவை: ஒரு வாக்குத் தவம்

நகைச்சுவை உணர்வு இறைவன் மனிதனுக்கு அளித்த கொடை. அது களைப்பை நீக்குகிறது. மனிதர்களை நெருங்கச் செய்கிறது. ஆயினும் அலுவலகத்தில் அதனைக் கையாள விவேகம் வேண்டும். நண்பர் குழாத்தில் ஒரு கேலி பிடிக்காதவர் எழுந்து சென்றுவிடலாம். அலுவலகத்தில் அவர் மறுநாளும் அதே இருக்கைக்கு வந்தாக வேண்டும். கேலி செய்தவர் மேலதிகாரியானால், மனம் நொந்தாலும் சேர்ந்து சிரிக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று கருதுவதே முதல் தவறு.

எள்ளல்

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் எட்டு மெய்ப்பாடுகளுள் நகையை முதலில் வைக்கிறது. எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கிலிருந்து அது பிறக்கும் என்கிறது. இவற்றுள் பணியிடத்தில் மிகுந்த தீங்கு விளைப்பது எள்ளல்.

மகாபாரதத்தின் சபா பருவம் இதற்குச் சான்று. இந்திரப்பிரஸ்தத்தின் மாளிகையில் துரியோதனன் பளிங்குத் தரையை நீரென எண்ணி ஆடையை உயர்த்தினான். பின்னர் நீரைத் தரையென எண்ணி விழுந்தான். கண்டவர்கள் நகைத்தனர். காட்சியை வருணிக்கும்போது வியாசர் பீமன் முதலானோரின் சிரிப்பையே கூறுகிறார். திரௌபதியின் சிரிப்பு, துரியோதனன் பின்னர் தந்தையிடம் முறையிடும்போதுதான் வருகிறது. சிரித்தவர்கள் மறந்திருக்கலாம்; புண்பட்ட மனம் ஒவ்வொரு முகத்தையும் நினைவில் வைத்திருந்தது. அவனது பொறாமையும் அதர்மமும் அவனுடையவையே. எனினும் அந்தச் சிரிப்பு எரியும் நெருப்பில் நெய்யாயிற்று.

புதிதாகச் சேர்ந்த ஊழியர் கூட்டத்தில் ஓர் ஆங்கிலச் சொல்லைத் தவறாக உச்சரிக்கிறார். அறை முழுவதும் சிரிக்கிறது. அதன்பின் அவர் கூட்டங்களில் வாய் திறப்பதில்லை. அவரது நல்ல யோசனைகளும் அவரோடு மௌனமாகிவிடுகின்றன.

உரைகல்

கீதையின் 17-ஆம் அத்தியாயம், 15-ஆம் சுலோகம் வாக்கினால் செய்யும் தவத்தை விளக்குகிறது. பிறர் மனத்தைக் கலக்காமை, உண்மை, இனிமை, நன்மை ஆகிய நான்கும் ஒரே சொல்லில் கூடியிருக்க வேண்டும். நகைச்சுவைக்கும் இதுவே உரைகல். சிரிக்க வைப்பதற்காகப் பொய்யைச் சேர்த்தால் உண்மை போயிற்று. ஒருவரது உடல், மொழி, சாதி, மதம், வறுமை ஆகியவற்றைத் தொட்டால் மற்ற மூன்றும் போயின.

விளையாட்டாகச் செய்தாலும் இகழ்ச்சி துன்பமே தரும் என்பது வள்ளுவர் கருத்து (குறள் 995). பெரியோர் முன்னிலையில் காதோடு பேசுவதையும் தமக்குள் சிரிப்பதையும் அவர் விலக்குகிறார் (குறள் 694). அருகில் இருப்பவர், தம்மைப் பற்றித்தான் சிரிக்கிறார்கள் என்று எண்ண அது இடம் தருகிறதல்லவா? மேலும், பணியிடத்தில் பெண்களிடம் பாலியல் சாயலுடன் விரும்பத்தகாத முறையில் பேசுவது 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி துன்புறுத்தலாகும். வேடிக்கை என்பது அதற்குச் சமாதானம் ஆகாது.

உயர்ந்தோர் வழி

ஆன்மிகம் சிரிப்புக்குப் பகையன்று. தட்சிணேசுவரத்தில் ஸ்ரீ ராமகிருஷ்ணரின் அறை இளம் சீடர்களின் சிரிப்பொலியால் நிறைந்திருந்தது. உலகியல்புகளை அவர் நடித்துக் காட்டியபோது, சிரித்தவர்கள் தங்களையே அதில் கண்டு திருந்தினர். 1948-இல் கேலிச்சித்திரக்காரர் சங்கர் தம் வார இதழைத் தொடங்கியபோது, தம்மையும் விட்டுவைக்க வேண்டாம் என்றார் பிரதமர் நேரு. பதவியில் இருப்பவர் தம்மைப் பார்த்துத் தாமே சிரிக்கும்போது கீழே இருப்பவர்களின் அச்சம் நீங்குகிறது. அவரே கீழுள்ளவரைப் பார்த்துச் சிரித்தால் அச்சம் வளர்கிறது.

சிந்தனைக்கு

1. அந்த ஒருவர் எதிரில் இருந்தாலும் இதைச் சொல்வேனா?

2. அவர் பதிலுக்கு அதே போன்ற வேடிக்கையை என்னிடம் அச்சமின்றிச் சொல்ல முடியுமா?

3. இதைக் கேட்டபின் அவரது மனம் இலேசாகுமா, கனக்குமா?

ஒருவர் மனம் புண்பட்டது தெரிந்தால், அவரைத் தனியே சந்தித்து, விளக்கம் எதுவும் சேர்க்காமல் மன்னிப்புக் கேட்பதே பரிகாரம். பலர் முன்னிலையில் புண்படுத்தியிருந்தால், அந்தப் பலர் முன்னிலையிலேயே அவருக்குரிய மதிப்பைத் திரும்ப அளிப்பதும் கடமை.