லைன் வீடு வாங்கலாமா?

ஒரே கூரை. அதன் கீழ் வரிசையாக நான்கு வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஓர் அடுக்களை. பின்பக்கம் எல்லாருக்கும் பொதுவாக ஒரு கிணறு. இப்படிக் கட்டி வாடகைக்கு விடுவதை லைன் வீடு என்கிறோம்.

நெய்யாற்றின்கரையில் ஒரு லைன் வீடு விலைக்கு வந்தது. நான்கு வீட்டிலும் குடும்பங்கள் இருந்தன. திருப்புறத்தைச் சேர்ந்த ஒருவர் அதை வாங்க நினைத்தார். வளைகுடா நாட்டில் உழைத்துச் சேர்த்த பணம் அவரிடம் இருந்தது. அக்காவிடம் யோசனை கேட்டார்.

"அக்கா, விலை 30 லட்சம். ஒரு வீட்டுக்கு 4,000 ரூபாய் வாடகை. மாதம் 16,000 வரும். ஒரு வீட்டைக் காலி செய்துவிட்டு நானே குடியேறலாம் என்றும் நினைக்கிறேன்."

"அவசரப்படாதே தம்பி. முதலில் கணக்குப் போடு" என்றாள் அக்கா.

கணக்கு

கேரளத்தில் பத்திரம் பதிய, 100 ரூபாய்க்கு 8 ரூபாய் முத்திரைக் கட்டணம். 2 ரூபாய் பதிவுக் கட்டணம். 30 லட்சத்துக்கு இது 3 லட்சம் ஆகும். ஆகவே மொத்தச் செலவு 33 லட்சம்.

ஆண்டு வாடகை 1,92,000 ரூபாய். இது முழுவதும் கையில் நிற்காது. ஒரு வீடு மூன்று மாதம் காலியாகக் கிடந்தால் 12,000 குறையும். கூரை, குழாய் பழுது பார்க்க 20,000 என்று வைப்போம். வரிக்கும் மற்ற செலவுக்கும் 5,000 என்று வைப்போம். மிச்சம் 1,55,000.

அதாவது, போட்ட 100 ரூபாய்க்கு ஆண்டுக்கு 5 ரூபாய்கூட வராது. கடன் வாங்கி வீடு வாங்கினால், வட்டி இதைவிடக் கூடுதலாக இருக்கும்.

காகிதங்கள்

தம்பி காகிதங்களைப் பார்க்கப் போனார். மூல ஆதாரத்தைக் கேட்டு வாங்கிப் படித்தார். நகலை மட்டும் நம்பக் கூடாது. மூல ஆதாரம் வங்கியில் அடமானமாக இருக்கலாம்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றிதழ் வாங்கினார். மலையாளத்தில் இதைக் குடிக்கட சர்ட்டிபிக்கெட் என்பார்கள். நிலத்தின் மேல் பதிவான விற்பனையும் அடமானமும் இதில் தெரியும்.

வில்லேஜ் ஆபீசில் கட்டிய நிலவரி ரசீதைப் பார்த்தார். நகராட்சியில் கட்டிய வீட்டுவரி ரசீதையும் பார்த்தார். நான்கு வீட்டுக்கும் எண் இருந்தது.

"எல்லாம் சரியாக இருக்கிறது அக்கா."

"குடியிருப்பவர்களிடம் பேசினாயா?"

"அவர்களிடம் என்ன பேச? வீடு கைமாறினால் போய்விடுவார்கள்."

"இல்லை தம்பி. வீட்டோடு அவர்களும் வருவார்கள்."

சட்டம் என்ன சொல்கிறது?

அக்கா சொன்னது சரி. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் நாட்டில் இன்றும் நடப்பில் உள்ளது. அதன்படி, வீட்டை விற்பதால் மட்டும் குடியிருப்பு முடிந்துவிடாது. பழைய உரிமையாளரின் இடத்துக்குப் புதியவர் வருகிறார். வாடகை வாங்கும் உரிமை அவருக்கு வரும். கடமைகளும் வரும்.

வீட்டில் ஒருவர் குடியிருந்தால், அவருக்குள்ள உரிமையை வாங்குபவர் தெரிந்துகொண்டதாகவே சட்டம் கருதும். "எனக்குத் தெரியாது" என்று பிறகு சொல்ல முடியாது. மாத வாடகைக் குடியிருப்பு பொதுவாகப் பதிவு செய்யப்படுவதில்லை. அதனால் வில்லங்கச் சான்றிதழில் அது வராது. நேரில் போய்க் கேட்க வேண்டும்.

கேரளத்தில் 1965ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் உண்டு. அது நடப்பில் உள்ள இடங்களில், சட்டம் சொல்லும் காரணம் இருந்தால்தான் காலி செய்யச் சொல்ல முடியும். அதற்கு வாடகைக் கட்டுப்பாட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். "எனக்கே வீடு வேண்டும்" என்பது ஒரு காரணம். ஆனால் விலைக்கு வாங்கியவர், பத்திரத் தேதியிலிருந்து ஓர் ஆண்டு கழிந்த பிறகே அப்படிக் கேட்டு மனுப் போட முடியும். தக்க காரணம் இல்லாமல் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தவும் கூடாது.

நேரில் பேசியபோது

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் தம்பியும் லைன் வீட்டுக்குப் போனார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு வயதான அம்மா இருந்தார்.

"ஒன்பது வருடம் முன்பு 20,000 அட்வான்ஸ் கொடுத்தேன் மக்களே. கையில் ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. நீங்கள் வாங்கினால் அந்தப் பணத்தை யார் தருவார்?" என்று கேட்டார்.

தம்பியிடம் பதில் இல்லை. மற்ற வீடுகளிலும் விசாரித்தார். நான்கு வீட்டு அட்வான்சும் சேர்ந்து 80,000 ரூபாய். விற்பவரும் அதை ஒப்புக்கொண்டார்.

விலை பேசி 28 லட்சத்தில் முடிந்தது. அட்வான்ஸ் 80,000 ரூபாயை விலையில் கழித்துக்கொண்டார்கள். அதைத் திருப்பித் தரும் பொறுப்பைத் தம்பி ஏற்றார். ஒப்பந்தத்தில் இது எழுதப்பட்டது.

பத்திரம் பதிந்ததும் நான்கு வீட்டுக்கும் அவர் கடிதம் கொடுத்தார். இனி வாடகையைத் தம்மிடம் தர வேண்டும் என்று அதில் எழுதினார். வீடு கைமாறியது தெரியாமல் ஒருவர் பழைய உரிமையாளரிடம் வாடகை கொடுத்துவிட்டால், அதை மறுபடி கேட்க முடியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அட்வான்சுக்கு ரசீதும் கொடுத்தார். அந்த அம்மா ரசீதை எழுத்துக்கூட்டி இரண்டு முறை படித்தார். தொகை சரிதானா என்று பார்த்து மடித்து வைத்தார்.

ஒரு வீட்டைக் காலி செய்யும் எண்ணத்தைத் தம்பி விட்டுவிட்டார்.

நினைவில் கொள்வோம்

* வாடகை முழுவதும் வருமானம் அல்ல. செலவைக் கழித்துப் பார்க்க வேண்டும்.
* மூல ஆதாரம், வில்லங்கச் சான்றிதழ், வரி ரசீதுகள் மூன்றையும் படிக்க வேண்டும்.
* குடியிருப்பவர்களிடம் வாடகை, அட்வான்ஸ் விவரம் கேட்க வேண்டும்.
* வாங்கிய பின் வில்லேஜ் ஆபீசிலும் நகராட்சியிலும் பெயர் மாற்ற வேண்டும்.
* வாடகைக்கு இருப்பவர் அட்வான்சுக்கும் வாடகைக்கும் ரசீது கேட்டு வாங்க வேண்டும்.

பேசிப் பார்ப்போம்

1. அந்த அம்மாவிடம் தம்பி பேசாமல் வீட்டை வாங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்?
2. 28 லட்சம் ரூபாய்க்குப் பத்திரம் பதிய எவ்வளவு செலவாகும்? கணக்குப் போடுங்கள்.
3. உங்கள் வீட்டு வாடகைக்கு ரசீது இருக்கிறதா? எடுத்துப் படியுங்கள்.