சக்கிமுக்கித் துப்பாக்கியும் களிமண் தட்டும்: முக்கியக் குறிப்புகள்

தம்பி, தேர்வுக்கு நீ கேட்ட குறிப்புகள் இதோ. சிங்கப்பூரின் ஜாலான் புசாரில் நான் தங்கியிருக்கும் கடைவீட்டு மாடியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து எழுதியது. ஒன்றை மட்டும் முதலில் மனதில் வை: சக்கிமுக்கித் துப்பாக்கியில் விசையை இழுத்தவுடன் வெடிக்காது, கொஞ்சம் தாமதித்துத்தான் வெடிக்கும். பாதிக் கேள்விகள் அந்தத் தாமதத்துக்குள் இருக்கின்றன.

• சொற்பிறப்பு: 'துப்பாக்கி', 'சக்கிமுக்கி' இரண்டுக்கும் மூலம் துருக்கி மொழி. 'பீரங்கி' அப்படியில்லை, ஐரோப்பியரைக் குறித்த 'ஃபிரங்கி' என்ற சொல்லிலிருந்து வந்தது. மூன்றையும் ஒரே கூடையில் போட்டுக் கேட்பார்கள், ஏமாறாதே.

• இயங்கும் முறை (படம் போட்டுப் பார்): குழலின் வாய்வழியாக முதலில் வெடிமருந்து, அதன்மேல் அடைப்பு, பிறகு ஈய ரவை, மறுபடி அடைப்பு. அடைப்புகளைக் கோலால் இடித்து இறக்க வேண்டும். குழலின் பக்கவாட்டில் ஒரு சிறு கிண்ணம். அதில் ஒரு சிட்டிகை நைஸ் மருந்து (பழைய தமிழில் ரஞ்சகம்). விசையை இழுத்ததும் சுத்தியலின் தாடையில் கவ்வியிருக்கும் கல் எஃகுத் தகட்டில் உரசும். தகடு முன்னுக்குச் சாய்ந்து கிண்ணத்தைத் திறக்கும், பொறி விழும், ரஞ்சகம் பற்றும். அந்தத் தீ ஊசித்துளை வழியாகக் குழலுக்குள் போன பிறகுதான் வெடி. திரி கிள்ளிய பட்டாசுக்கும் நமக்கும் நடுவே இருக்குமே ஒரு திக்திக், அதன் தம்பி என்று வைத்துக்கொள்.

• இந்த அமைப்பைச் செம்மையாக்கியவராகச் சொல்லப்படுபவர் பிரான்சின் மாரின் லெ பூர்ஷ்வா, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கம்.

• கருமருந்தின் கலவை: வெடியுப்பு (பொட்டாசியம் நைட்ரேட்) 75, கரித்தூள் 15, கந்தகம் 10 விழுக்காடு. வேதியியல் பகுதியிலும் இதே கேள்வி வரும். பழைய துப்பாக்கிக்குப் புகையில்லா நவீன மருந்து ஆகாது. அதன் அழுத்தத்தில் குழலே பிளந்துவிடும்.

• 1807: ஸ்காட்லாந்துப் பாதிரியார் அலெக்சாண்டர் ஃபோர்சைத் அடித்தால் வெடிக்கும் ரசாயனத்தைப் பற்றவைப்புக்குப் பயன்படுத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அவர் பறவை வேட்டைக்காரர். கிண்ணத்தில் தீ மின்னியதுமே வாத்துகள் தப்பிவிட, ரவை வெறும் தண்ணீரில் விழுந்தது. அந்த எரிச்சலில் பிறந்ததுதான் தொப்பி வெடிக்கு (சுத்தியல் அடித்தால் வெடிக்கும் சிறு உலோகத் தொப்பி) வழிவிட்ட கண்டுபிடிப்பு. கூற்று–காரணம் வகைக்கு இதைவிட நல்ல தீனி கிடையாது.

• வேலூர்ப் புரட்சி, 10 ஜூலை 1806: ஃபோர்சைத்துக்கு ஓராண்டு முந்தியது. ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனிச் சிப்பாய்கள் கையில் இருந்தது சக்கிமுக்கித் துப்பாக்கி. 1857 சிப்பாய்ப் புரட்சியில் பிரச்சினையைக் கிளப்பிய என்ஃபீல்டு துப்பாக்கி சக்கிமுக்கி வகை அல்ல, தொப்பி வெடி வகை. ஆனால் அதுவும் வாய்வழி நிரப்புவதே. கொழுப்பு தடவிய காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க நேர்ந்ததும் அதனால்தான். மாதிரித் தேர்வு ஒன்றில் 'வாய்வழித் துப்பாக்கி என்றாலே சக்கிமுக்கி' என்று நினைத்து ஒரு மதிப்பெண்ணைக் கோட்டை விட்டவன் நான். வேலூர்த் தேதி நினைவிருக்க என் குறுக்குவழி: இங்கே பக்கத்தில் சுங்கை ரோட்டில் இருந்த பழம்பொருள் சந்தை மூடப்பட்டதும் ஜூலை 10தான், ஆண்டு 2017.

• கம்பெனியின் 'இந்தியா பேட்டர்ன்' துப்பாக்கி: குழல் நீளம் 39 அங்குலம், வாய் 0.75 அங்குலம். கம்பெனிக்காகச் செய்ததை 1797இல் பிரிட்டிஷ் படையே எடுத்துக்கொண்டது.

• சிங்கப்பூர் தொடர்பு: 1819இல் ராஃபிள்ஸுடன் வந்திறங்கியவர்கள் வங்காளச் சிப்பாய்கள். பின்னாளில் காவலுக்கு வந்தவை மதராஸ் படைப்பிரிவுகள். ஔட்ரம் பக்கம் 'சிப்பாய் லைன்ஸ்' என்ற பெயர் அந்தக் காலத்தின் மிச்சம். ஜாலான் புசார் என்றால் மலாயில் 'பெரிய சாலை'. அதைச் சுற்றியுள்ள கிச்சனர், வெர்டன், பெத்தாங், சோம், ஜெல்லிகோ சாலைகள் எல்லாம் முதல் உலகப்போர்த் தளபதிகள், போர்க்களங்களின் பெயர்கள். கிச்சனர் 1902 முதல் 1909 வரை இந்தியப் படையின் தலைமைத் தளபதி. சாயங்காலம் ரொட்டி பிராட்டா வாங்கப் போகும்போதே வரலாற்றுப் பாடம் ஒருமுறை ஓடிவிடுகிறது.

• பறக்கும் இலக்கு: 1900 பாரிஸ் ஒலிம்பிக்கின்போது உயிருள்ள புறாக்களையே சுட்டார்கள். அதற்கு முன்பே புறாவுக்குப் பதிலாகக் கண்ணாடி உருண்டைகள் புழக்கத்தில் இருந்தன. 1880இல் அமெரிக்காவின் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி சுட்ட களிமண் தட்டைக் கொண்டுவந்தார். இன்றைய 'களிமண்' தட்டில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளும் கீலும். விட்டம் 110 மி.மீ., எடை சுமார் 105 கிராம்.

• சக்கிமுக்கியால் தட்டைச் சுடுவது: தட்டு போய்க்கொண்டே இருக்கும், துப்பாக்கியோ தாமதிக்கும். விசையை இழுத்ததும் கையை நிறுத்தினால் ரவை தட்டுக்குப் பின்னால் போகும். எனவே வெடித்து முடியும்வரை குழலைத் தட்டுடன் நகர்த்திக்கொண்டே போக வேண்டும். கண்ணுக்குப் பக்கத்தில் தீ மின்னும்போது முகம் சுளிக்காமல் இதைச் செய்வதுதான் கஷ்டம். வெடித்ததும் வெள்ளைப் புகை முன்னால் திரையாக நிற்கும். தட்டு உடைந்ததா என்று பக்கத்தில் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

• பழங்காலத் துப்பாக்கிகளுக்கான பன்னாட்டுக் குழு எம்.எல்.ஏ.ஐ.சி. அதன் தட்டுப் போட்டிகளில் சக்கிமுக்கிக்கு 'மான்டன்', தொப்பி வெடிக்கு 'லொரென்சோனி'. ஜோசப் மான்டன் இங்கிலாந்துத் துப்பாக்கிக் கொல்லர், லொரென்சோனி இத்தாலியர். பொருத்துகவில் இடம் மாற்றிப் போடுவார்கள்.

• ஒலிம்பிக் ட்ராப் என்ற தட்டுப் போட்டி: தகுதிச் சுற்றில் 125 தட்டுகள், 15 எறியும் இயந்திரங்கள், தோட்டாவில் 24 கிராம் ரவைக்கு மேல் கூடாது. மற்றத் தட்டுப் போட்டிகளில் ஸ்கீட் நுழைந்தது 1968. டபுள் ட்ராப் 1996 முதல் 2016 வரை மட்டுமே.

• இந்தியப் பெயர்கள்: பிகானேர் மகாராஜா கர்ணி சிங், 1961இல் அர்ஜுனா விருது, 1962 உலகப் போட்டியில் ட்ராப் வெள்ளி. ராஜ்யவர்தன் சிங் ராத்தோர், 2004 ஏதென்ஸ், டபுள் ட்ராப் வெள்ளி. நம் ஊர்க்காரர் பிருத்விராஜ் தொண்டைமான், புதுக்கோட்டை அரச குடும்பம். 2023இல் ஹாங்சௌவில் நடந்த ஆசிய விளையாட்டில் ட்ராப் அணித் தங்கம் (உடன் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்து), 2024இல் பாரிஸ் ஒலிம்பிக். போட்டியின் பெயரில் 2022 என்றே இருக்கும், நடந்தது 2023. இதையும் கேட்பார்கள்.

• நாட்டுத் துப்பாக்கி என்றாலே நம் பக்கம் நினைவுக்கு வருபவர்கள் நரிக்குறவர்கள். அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது டிசம்பர் 2022.

• சிங்கப்பூர்ச் சட்டம்: ஆயுதக் குற்றங்கள் சட்டம், 1973. காயப்படுத்தும் நோக்கத்தில் துப்பாக்கியால் சுட்டாலே மரண தண்டனை, யார்மேலும் படாவிட்டாலும். தட்டுச் சுடுவதெல்லாம் உரிமம் உள்ள சுடுகளத்தில் மட்டும்.

பொங்கலுக்கு நான் வரும்போது குட்டிப்பயலுக்குப் பொம்மைத் துப்பாக்கி வேண்டும் என்றாயே, கைப்பையில் வைத்தால் சாங்கியிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். வேறு ஏதாவது கேட்கச் சொல்.